கூப்பிட்டால் எழும்பக்கூடிய வேலை: வீட்டு அலுவல்களுக்கு நடுவில் கம்பளி நூற்பும் பின்னலும்

கம்பளி வேலையில் இரண்டு வகை உண்டு. யாராவது கூப்பிட்டால் அப்படியே வைத்துவிட்டு எழும்பக்கூடியது ஒன்று. எழும்பினால் குழம்பிப்போவது மற்றது. புதிதாகப் பழகுகிறவர்கள் இதைப் பிரித்துப் பார்க்காமல், "பிள்ளையள் படுத்த பிறகு ஆறுதலாய் இருந்து செய்வம்" என்று எல்லாவற்றையும் இரவுக்குத் தள்ளிவிடுகிறார்கள். இரவு வரும்போது கண்ணும் களைத்துவிடும், கையும் களைத்துவிடும். நாலு நாள் அப்படிப் போனால் தக்கிளி, அதாவது கையால் சுழற்றி நூல் முறுக்குகிற தடி, அலுமாரிக்குள் ஏறிவிடும். ஆனால் நூற்பிலும் பின்னலிலும் பெரும்பகுதி சோறு கொதிக்கிற பத்து நிமிடத்திலும் ரியூசன் வாசலில் காத்து நிற்கிற அரை மணித்தியாலத்திலும் செய்யக்கூடியது. எழும்ப முடியாத வேலைகள் மொத்தத்தில் கொஞ்சம்தான். நேரம் ஒதுக்க வேண்டியது அவற்றுக்கு மட்டும்.

இந்த வெக்கையில் கம்பளி யாருக்கு என்ற கேள்விக்கு யாழ்ப்பாணத்தில் அநேகமான வீடுகளில் மறுமொழி உண்டு. ரொரன்ரோவில் பேரப்பிள்ளை, ஒஸ்லோவில் தங்கச்சி, சூரிச்சில் மருமகன். பின்னிய தொப்பி அங்கே போகிறது, நூற்கிற கம்பளி அங்கிருந்து சூட்கேசில் வருகிறது. ஊர்ச் செம்மறியில் கத்தரித்து நூற்கலாமா என்று கேட்பவர்களும் உண்டு. முடியாது. எங்கள் செம்மறி வெயிலுக்கு ஏற்ற மயிர் ஆடு. அதன் மயிர் கட்டையானது, விறைப்பானது, சுருள் இல்லாதது. கம்பளி இழையின் மேற்பரப்பில் மீன் செதில் மாதிரி மிக நுண்ணிய செதில்கள் உண்டு. இழை தானாகவே அலையலையாக வளைந்தும் இருக்கும். இவை இரண்டும் சேர்ந்துதான் ஒரு இழையை மற்ற இழையோடு பிடித்து வைக்கின்றன. அது இல்லாத மயிரை எவ்வளவு முறுக்கினாலும் விட்டவுடன் குலைந்துவிடும்.

நூற்பு யாழ்ப்பாணத்துக்குப் புதியதும் அல்ல. 1927 நவம்பரில் காந்தி இங்கு வந்தபோது கதர் நிதிக்குப் பணம் திரட்டினார். தக்கிளி, இராட்டை என்ற பெயர்கள் பழையவர்களுக்குத் தெரியும். ஆனால் அது பருத்திக்கான தக்கிளி. சின்னது, பாரம் குறைந்தது, அடியை ஒரு கிண்ணத்தில் ஊன்றிச் சுழற்றுவது. பருத்தி இழையின் நீளம் ஏறக்குறைய 3 சென்றிமீற்றர்தான் என்பதால், தக்கிளியின் பாரத்தை அந்தரத்தில் தூக்கிப் பிடிக்க அதனால் ஏலாது. கம்பளி இழை அதைவிட மூன்று நான்கு மடங்கு நீளம், தொங்கவிட்டே நூற்கலாம். பழகுவதற்குக் கம்பளிதான் இலகு. பருத்தியை இரண்டாவதாக எடுங்கள்.

வெளிநாட்டில் உள்ளவர்களிடம் "கம்பளி கொண்டு வாங்கோ" என்று மட்டும் சொன்னால் உருண்டை உருண்டையாக முடிந்த நூல்தான் வரும். நூற்பதற்குக் கழுவிச் சீவிய கம்பளித் திரி வேண்டும். அங்கே 'கோம்ப்ட் ரொப்' அல்லது 'ரோவிங்' என்று கேட்கச் சொல்லுங்கள். இனம் கொரிடேல் அல்லது ரொம்னி. மிருது என்பதால் மெரினோ வாங்கிவிடுவார்கள், அதைத் தடுத்துவிடுங்கள். மெரினோ இழை 20 மைக்ரோன் (ஒரு மைக்ரோன் மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒன்று) அளவில் மிக மெல்லியது, நீளமும் குறைவு, வியர்த்த விரலில் ஒட்டிக்கொண்டு இழுபடாமல் நிற்கும். கொரிடேல் 25 முதல் 30 மைக்ரோன் வரை, நீளம் பெரும்பாலும் 10 சென்றிமீற்றருக்கு மேல், பழகாத விரலுக்கு அடங்கும். 'சூப்பர்வோஷ்' என்று எழுதியிருந்தால் அதுவும் தொடக்கத்துக்கு வேண்டாம். அதன் செதில்களை மழுக்கியிருப்பார்கள், வழுக்கும். 200 கிராம் இருந்தால் பழகி முடித்து ஒரு பொருளும் செய்யலாம். காற்றை உறிஞ்சி அமுக்கிக் கட்டிய பையில் வந்தால் திரி தட்டையாக ஒட்டியிருக்கும். அதை நூற்கத் தொடங்குவதற்கு முதல் நாளே வெளியில் எடுத்து, நீளவாக்கில் பிரித்து, மெதுவாக உதறித் தொங்கவிடுங்கள். இதைச் செய்யாமல் தொடங்கி "கம்பளி சரியில்லை" என்று விட்டவர்கள் பலர்.

இங்கே பான்சிக் கடைகளில் 'ஊல்' என்று விற்பது பெரும்பாலும் அக்ரிலிக். சந்தேகம் வந்தால் ஒரு சிறு துண்டைக் குறட்டில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். கம்பளி என்றால் மயிர் கருகிய மணம் வரும், சாம்பல் விரலில் பொடியாகும். அக்ரிலிக் உருகிக் கறுத்த கட்டியாக இறுகும். பின்னல் பழக அக்ரிலிக் போதும், குறை சொல்ல ஒன்றும் இல்லை.

தக்கிளியை வீட்டிலேயே செய்யலாம். தேவையானவை பழைய சீடி இரண்டு, தச்சுப் பட்டறையில் கிடைக்கும் 30 சென்றிமீற்றர் நேரான உருண்டைத் தடி ஒன்று, குவளை தொங்கவிடும் சிறிய திருகுக் கொளுக்கி ஒன்று, சைக்கிள் ரியூப் துண்டு ஒன்று. தடி 8 மில்லிமீற்றர் மொத்தம் (தடிப்பு) இருந்தால் நல்லது. சீடியின் நடு ஓட்டை 15 மில்லிமீற்றர். அந்த இடைவெளியை நிரப்ப ரியூப்பை ஒரு விரல் அகல நாடாவாக வெட்டித் தடியின் மேல் நுனியிலிருந்து 3 சென்றிமீற்றர் கீழே இறுக்கிச் சுற்றி, இரண்டு சீடியையும் அதன்மேல் அழுத்தி ஏற்றுங்கள். கையால் திருப்பினால் சீடியும் தடியும் சேர்ந்தே சுற்ற வேண்டும். கொளுக்கியை மேல் நுனியின் நடுவில் திருகுங்கள். முதலில் மெல்லிய ஆணியால் ஒரு வழி போடாவிட்டால் தடி வெடிக்கும். ஒரு சீடி ஏறக்குறைய 15 கிராம் என்பதால் மொத்தம் 40 கிராமை ஒட்டி வரும். கம்பளிக்குப் பழக 30 முதல் 50 கிராம் வரை சரியான பாரம். அதைவிடப் பாரமானால் மெல்லிய நூல் அறும். பாரம் குறைந்தால் சுழற்சி கெதியாக நின்று, எதிர்ப்பக்கம் திரும்பி, போட்ட முறுக்கைக் கழற்றிவிடும்.

சுழற்றிப் பார்க்கும்போது தக்கிளி ஆடினால் சீடியைக் குறை சொல்லாதீர்கள். கொளுக்கியின் வளைவு தடியின் நடுக்கோட்டுக்கு நேரே இல்லை என்பதுதான் அநேகமாகக் காரணம். குறட்டால் கொஞ்சம் வளைத்து நடுவுக்குக் கொண்டுவந்தால் ஆட்டம் நிற்கும். சீடி விளிம்பில் அரத்தால் ஒரு சிறிய வெட்டுப் போட்டால் நூல் அதில் உட்காரும், வழுக்காது.

இனி நூற்பு. திரியை நீளவாக்கில் பெருவிரல் மொத்தத்துக்குப் பிரித்து, ஒரு முழ நீளத் துண்டுகளாக எடுங்கள். கத்தரிக்கோல் போடக்கூடாது. இரண்டு கையையும் ஒரு சாண் தள்ளிப் பிடித்து இழுத்தால் தானாகப் பிரியும். சீடி வட்டுக்குக் கீழே தடியில் 60 சென்றிமீற்றர் தொடக்க நூல் ஒன்றைக் கட்டி, சீடி விளிம்பு வெட்டின் வழியாக மேலே கொண்டுவந்து கொளுக்கியில் மாட்டுங்கள். அதன் மறுமுனையைக் கண்ணி போல முடிந்து, திரியின் நுனியை அதற்குள் ஒரு விரல் நீளம் நுழைத்து மடித்துப் பிடியுங்கள்.

நின்றுகொண்டு தக்கிளியைத் தொங்கவிட்டுச் சுழற்றி, அதே நேரத்தில் இழுக்கவும் முயன்றால் முதல் கிழமை முழுவதும் அது நிலத்தில்தான் விழும். அதற்குப் பதிலாகக் கதிரையில் இருந்து, இரண்டு வேலையையும் பிரித்துச் செய்யுங்கள். முதலில் தக்கிளியை வலஞ்சுழியாகச் சுழற்றித் தொடக்க நூலில் முறுக்கை நிரப்புங்கள். நூல் தளர்ந்தால் சுருண்டுகொள்ளும் அளவுக்கு நிரம்பியதும் தக்கிளியை இரண்டு முழங்காலுக்கும் இடையில் இறுக்கிப் பிடியுங்கள். இனி அது சுழலாது. வலக்கையின் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும், முறுக்கு முடிந்து திரி தொடங்குகிற இடத்தைக் கிள்ளிப் பிடியுங்கள். இடக்கை திரியைத் தளர்வாகப் பிடித்து 5 சென்றிமீற்றர் பின்னால் இழுக்கட்டும். இழைகள் ஒன்றையொன்று தாண்டி வழுக்கி மெலிவது கண்ணுக்குத் தெரியும். இப்போது வலக்கைக் கிள்ளலை விடாமல், மெலிந்த பகுதியின் மேல் இடக்கை நோக்கி வழுக்குங்கள். தேங்கி நின்ற முறுக்கு விரலுக்குப் பின்னாலேயே ஏறி, பஞ்சாக இருந்தது நூலாகும். இழுப்பது, வழுக்குவது, இழுப்பது, வழுக்குவது. முறுக்கு தீர்ந்தால் மறுபடி சுழற்றி நிரப்புங்கள். ஒரு கை நீளம் வந்ததும் கொளுக்கியிலிருந்து கழற்றி, வட்டுக்குக் கீழே தடியில் இறுக்கமாகச் சுற்றுங்கள்.

கூப்பிட்டால் எழும்பக்கூடிய நூற்பு இதுதான். கொளுக்கியில் ஒரு சுருக்குப் போட்டு, மிச்சத் திரியைத் தடியில் தளர்வாகச் சுற்றி, மேசையில் வைத்துவிட்டுப் போகலாம். திரும்ப வரும்போது விட்ட இடம் விட்டபடியே இருக்கும். விளக்குக்குத் திரி உருட்டிப் பழகிய கைக்கு முறுக்கின் அளவு கெதியாகப் பிடிபடும் என்பதையும் சொல்ல வேண்டும். பத்து நிமிடத்தில் மூன்று நான்கு மீற்றர் வந்தால் புதியவருக்கு நல்ல வேகம்.

இங்கே எது பிழைக்கும், ஏன் பிழைக்கும் என்று தெரிந்திருந்தால் அரைவாசிக் கரைச்சல் குறையும். திரி இழுபடவே மாட்டேன் என்கிறதா? இரண்டு கையும் மிக நெருக்கமாக இருக்கின்றன. கம்பளி இழை 10 சென்றிமீற்றர் நீளமாக இருக்கும்போது கைகள் 6 சென்றிமீற்றர் தூரத்தில் இருந்தால், ஒரே இழையின் இரண்டு நுனியையும் இரண்டு கையும் பிடித்து இழுக்கின்றன. எவ்வளவு பலம் போட்டாலும் வராது. இடக்கையை 12 சென்றிமீற்றர் வரை பின்னால் கொண்டுபோங்கள், மெதுவாக வரும். திரி பொத்தென்று கழன்று கையோடு வந்துவிடுகிறதா? முறுக்கு ஏறுமுன் அளவுக்கு மிஞ்சி இழுத்துவிட்டீர்கள். நூல் நடுவில் மெல்லக் கழன்று பிரிந்தால் முறுக்கு போதவில்லை. சுருண்டு சுருண்டு முடிச்சுப் போட்டால் முறுக்கு கூடிவிட்டது. ஓர் இடம் மொத்தம், ஓர் இடம் நூல் போல மெல்லிசு என்று வந்தால், முறுக்கு எப்போதும் மெல்லிய இடத்துக்கே ஓடும் என்பதை நினைவில் வையுங்கள். மொத்த இடம் பஞ்சாகவே நிற்கும். அதன் இரண்டு பக்கத்தையும் கிள்ளிப் பிடித்து, முறுக்கைக் கொஞ்சம் கழற்றி, மெல்ல இழுத்தால் மொத்தம் கரையும். இடக்கையில் உள்ள திரிக்குள் முறுக்கு ஏறிவிட்டால் மட்டும் உடனே நிறுத்துங்கள். அதற்குமேல் இழுத்துப் பயனில்லை, திருப்பிக் கழற்றித்தான் ஆக வேண்டும்.

அறுந்த இடத்தை முடிச்சுப் போடாதீர்கள். அறுந்த நூலின் நுனியை ஒரு விரல் நீளத்துக்கு முறுக்குக் கழற்றிப் பஞ்சாக விரித்து, புதுத் திரியின் நுனியை அதன்மேல் பரத்தி, இரண்டையும் சேர்த்து மெலித்து முறுக்கை விடுங்கள். முடிச்சு பின்னலில் முட்டாகத் தெரியும், பிள்ளையின் நெற்றியில் உறுத்தும்.

விசிறியை நிறுத்திவிட்டு நூற்க வேண்டும். சோளகம் அடிக்கிற மாதங்களில் விறாந்தையில் இருந்தால் கம்பளி பறப்பது ஒரு பக்கம், புழுதி நூலுக்குள் ஏறுவது மறுபக்கம். மார்கழியும் தையும் இந்த வேலைக்கு மிக நல்ல காலம், கை வியர்க்காது. மற்ற மாதங்களில் விடியற்காலை. கைக்கு எண்ணெயோ கிறீமோ பூசியபின் தொடக்கூடாது.

ஒற்றையிழை நூலை அப்படியே பின்னினால் துணி ஒரு பக்கம் சரிந்து கோணும். அதன் முறுக்கு முழுவதும் ஒரே திசையில் இருப்பதால் வருவது அது. இரண்டு இழையைச் சேர்த்து எதிர்த்திசையில், இடஞ்சுழியாக முறுக்கினால் ஒன்றின் இழுவையை மற்றது சமப்படுத்தும். இதில்தான் எழும்பக்கூடாத வேலை வருகிறது. 50 கிராம், 50 கிராமாக இரண்டு தரம் நூற்ற ஒற்றையிழைகளைத் தனித்தனி உருண்டையாகச் சுற்றி, ஓர் இரவு விட்டுவிடுங்கள், முறுக்கின் துள்ளல் அடங்கும். அடுத்தநாள் இரண்டு உருண்டையையும் இரண்டு கோப்பைக்குள் போட்டு, இரண்டு நுனியையும் சேர்த்துப் பிடித்து, ஒரே இறுக்கத்தில் மூன்றாவது உருண்டையாகச் சுற்றுங்கள். ஒன்று தளர்ந்து மற்றது இறுகினால், முறுக்கும்போது தளர்ந்த இழை இறுகிய இழையைச் சுற்றிப் புழு ஏறுவது போல ஏறும். ஒரே இருப்பில் இதை முடித்துவிட வேண்டும். வீட்டில் எல்லோரும் வெளிக்கிட்ட பிறகு செய்யுங்கள். மூன்றாவது உருண்டை கைக்கு வந்துவிட்டால் பிறகு அதைத் தக்கிளியில் மாட்டி முறுக்குவது மறுபடி எந்த நேரத்திலும் விடக்கூடிய வேலை.

எவ்வளவு முறுக்குவது என்பதற்கு நூற்கும்போதே அடையாளம் எடுத்து வையுங்கள். புதிதாக நூற்ற ஒற்றையிழையில் ஒரு சாண் நீளத்தைத் தளர்த்தினால் அது தன்னைத்தானே மடித்து முறுக்கிக்கொள்ளும். அந்தத் துண்டை வெட்டி ஒரு மட்டையில் ஒட்டுங்கள். உங்கள் இரட்டை நூல் அப்படித்தான் இருக்க வேண்டும். அடுத்த நாள் நூற்கும்போதும் அந்த மட்டையோடு ஒப்பிட்டால் மொத்தம் மாறாது. விட்டு விட்டு வேலை செய்கிறவர்களுக்கு இந்த மட்டையைவிடப் பெரிய உதவி வேறொன்றும் இல்லை.

முறுக்கிய நூலைக் கதிரையின் முதுகில் சுற்றிச் சிட்டமாக்குங்கள். ஒரு சுற்றின் நீளத்தை அளந்து சுற்றுக்களால் பெருக்கினால் மொத்த மீற்றர் வரும். கழற்றுமுன் நாலு இடத்தில் எட்டு வடிவில் பருத்தி நூலால் தளர்வாகக் கட்டுங்கள், கட்டாவிட்டால் கழுவும்போது சிக்கிவிடும். முதல் 100 கிராமில் 100 மீற்றர் கிடைத்தாலே போதும்.

கழுவுவதில் யாழ்ப்பாணத்துக்கு என்று தனிக் கவனம் வேண்டும். எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் வருவது, வன்மையானது. சவர்க்காரம் போட்டால் நுரைக்காது, வெள்ளைப் படையாகக் கம்பளியில் ஒட்டும், காய்ந்தபின் நூல் மொரமொரக்கும். மாரியில் பீலித் தண்ணீரை, முதல் மழை கூரையைக் கழுவிவிட்ட பிறகு, வாளியில் பிடித்து வைத்தால் கம்பளிக்கு அதைப்போல் ஒன்றில்லை. கிணற்றுத் தண்ணீர்தான் என்றால் சவர்க்காரத்துக்குப் பதிலாக ஷாம்பூ ஒரு தேக்கரண்டி, கடைசி அலசலில் ஒரு வாளிக்கு ஒரு மேசைக்கரண்டி வினாகிரி.

கை வைத்தால் இளஞ்சூடு தெரிகிற தண்ணீரில் சிட்டத்தை அமுக்கி, 20 நிமிடம் அசையாமல் விடுங்கள். கசக்கவோ முறுக்கிப் பிழியவோ கூடாது. சூடு, அசைவு, சவர்க்காரம் மூன்றும் சேர்ந்தால் செதில்கள் ஒன்றுக்குள் ஒன்று பூட்டிக்கொள்ளும், பிறகு எவராலும் கழற்ற முடியாது. மேல் தாங்கியில் மத்தியான வெயிலில் சுட்ட தண்ணீரில் நனைத்துவிட்டு உடனே குளிர்ந்த கிணற்றுத் தண்ணீரில் அலசினாலும் இதே கதிதான். இரண்டு வாளியையும் முதலே நிரப்பி ஒரே சூட்டுக்குக் கொண்டுவந்துவிட்டுத் தொடங்குங்கள். துவாயில் சுருட்டி மிதித்து ஈரத்தை எடுத்து, நிழலில் தொங்கவிடுங்கள். அது வட்டமாக முறுக்கில்லாமல் தொங்கினால் முறுக்குச் சமம்.

பின்னலுக்கு ஊசி மொத்தம் மில்லிமீற்றரில் சொல்வார்கள். முதல் நூல் மொத்தமாகத்தான் வரும், அதற்கு 6 மில்லிமீற்றர். மூங்கில் ஊசியில் கண்ணி வழுக்காது என்பதால் புதியவர்களுக்கு அதைத்தான் சொல்வது வழமை. ஆனால் இங்கே வியர்வையில் மூங்கில் நூலைப் பிடித்துக்கொண்டு விடாது. அலுமினியம் நல்லது. பழைய இரும்பு ஊசி கடற்காற்றில் துருப்பிடித்துக் கம்பளியில் கறை விடும், தொடாதீர்கள்.

முதற்பொருள் பிள்ளைக்கு ஒரு கழுத்துச் சால்வை. 24 கண்ணி ஏற்றி, எல்லா வரிசையும் நேர்க்கண்ணியாக (நூலைப் பின்பக்கம் வைத்துப் போடுவது) 95 சென்றிமீற்றர் வரும்வரை போனால் ஏறக்குறைய 15 சென்றிமீற்றர் அகலத்தில், 80 கிராம் நூலில் முடியும். ஒரு வரிசை நேர், ஒரு வரிசை மறுகண்ணி (நூலை முன்பக்கம் வைத்துப் போடுவது) என்று பின்னினால் முகம் வடிவாக வரும், ஆனால் ஓரங்கள் சுருண்டு குழாயாகிவிடும். சால்வைக்கு அது ஆகாது.

24 கண்ணி கொஞ்ச வரிசையில் 27 ஆகிவிடுகிறதென்றால் காரணம் இரண்டில் ஒன்று. வரிசை தொடங்கும்போது நூலை ஊசிக்கு மேலால் பின்னுக்கு இழுத்தால் முதற் கண்ணியின் இரண்டு காலும் மேலே ஏறி இரண்டு கண்ணி போலத் தெரியும், நீங்களும் இரண்டாகப் பின்னிவிடுவீர்கள். நூலைக் கீழால் பின்னுக்குக் கொண்டுபோனால் தீரும். நடுவில் ஓட்டையோடு கண்ணி கூடினால், நூல் முன்பக்கம் கிடந்தபடி நேர்க்கண்ணி போட்டிருக்கிறீர்கள். ஐந்து வரிசைக்கு ஒருதரம் கண்ணிகளை எண்ணுங்கள். எண்ணுவதைச் சின்னப்பிள்ளையிடம் விட்டால் அவருக்கும் ஒரு வேலை ஆகும்.

"அம்மா, ரியூசனுக்கு நேரம் போச்சு" என்று குரல் வந்தால் வரிசையை முடித்துவிட்டு எழும்புவது நல்லது. முடியாவிட்டால் நடுவிலும் விடலாம். திரும்ப எடுக்கும்போது உருண்டையோடு தொடுத்த நூல் எந்த ஊசியில் தொங்குகிறதோ அந்த ஊசி வலக்கைக்கு. மாறிப் பிடித்தால் வந்த வழியே திரும்பிப் பின்னி, நடுவில் ஒரு பள்ளமும் ஒரு பக்கம் இரண்டு வரிசை கூடுதலும் வரும். இரண்டு ஊசி நுனியிலும் அழிறப்பர் துண்டைக் குத்திவிடுங்கள். கண்ணி கழராது, தவழ்கிற பிள்ளைக்கும் குத்தாது. நல்லூர்த் திருவிழா 25 நாளும் பின்னேரம் கோயில் என்று வேலை நிற்கும் வீடுகளில், கண்ணிகளை ஊசியிலேயே விடாமல் ஒரு பருத்தி நூலில் கோர்த்து எடுத்து வையுங்கள். நாளடைவில் ஊசி நின்ற வரிசை விரிந்து கோடாகத் தெரியும்.

தொப்பிக்கு நூல் சீராக வந்த பிறகு போகலாம். குழந்தைக்கு என்றால் இப்போது மெரினோவை எடுங்கள், நெற்றியில் உறுத்தாது. நூலை அடிமட்டத்தில் நெருக்கமாகச் சுற்றிப் பாருங்கள். 2.5 சென்றிமீற்றருக்குள் 12 சுற்று வந்தால் 4 மில்லிமீற்றர் ஊசிக்குப் பொருந்தும். முதலில் 30 கண்ணியில் 40 வரிசை அளவுத் துண்டு ஒன்று பின்னி, கழுவிக் காயவைத்து, நடுவில் 10 சென்றிமீற்றருக்குள் எத்தனை கண்ணி என்று எண்ணுங்கள். கழுவாமல் எண்ணுவது வீண், கம்பளி நனைந்த பிறகுதான் தன் அளவுக்கு வரும். 22 கண்ணி வந்தால் இனி வரும் கணக்கு சரி.

ஆறு மாதக் குழந்தையின் தலைச்சுற்றளவு ஏறக்குறைய 43 சென்றிமீற்றர். தொப்பி இழுபட்டுப் பிடிக்க 38 போதும். 38 சென்றிமீற்றருக்கு 84 கண்ணி, பின் தையலுக்கு 2, மொத்தம் 86. இரண்டு நேர், இரண்டு மறு என்று விளிம்பு 4 சென்றிமீற்றர். நேர்க்கண்ணி போட்டதும் நூலை ஊசிகளுக்கு இடையால் முன்னுக்குக் கொண்டுவந்து மறுகண்ணி, பிறகு பின்னுக்கு. பிறகு ஒரு வரிசை நேர், ஒரு வரிசை மறு என்று மொத்தம் 10 சென்றிமீற்றர் வரை. அதுவரை எந்த நேரத்திலும் விட்டு எழும்பலாம்.

உச்சியைக் குறைப்பது இரவு வேலை. ஓரத்தில் ஒரு கண்ணி, பிறகு 10 நேர், இரண்டைச் சேர்த்து ஒன்று. இதை ஏழு தரம், கடைசியில் ஓரக் கண்ணி. 79 நிற்க வேண்டும். அடுத்த வரிசை குறைக்காமல் மறுகண்ணி. அதற்கடுத்து 9 நேர், இரண்டைச் சேர்த்து ஒன்று. இப்படி ஒவ்வொரு நேர்வரிசையிலும் ஏழு ஏழாகக் குறைந்து 16 கண்ணிக்கு வரும். கடைசி நேர்வரிசையில் ஓரங்களை விட்டு எல்லாவற்றையும் இரண்டிரண்டாகச் சேர்த்தால் 9. நூலை நீளமாக வெட்டி, மொட்டை ஊசியில் கோர்த்து, ஒன்பதுக்குள்ளாலும் இழுத்து இறுக்கி, அதே நூலால் பின்பக்கத்தைத் தைத்து இறக்குங்கள். குறைக்கத் தொடங்குமுன் அந்த வரிசைக்குள்ளால் நிறம் மாறிய ஒரு தையல் நூலைக் கோர்த்து விடுங்கள். கணக்குப் பிழைத்து அவிழ்க்க நேர்ந்தால் அந்த நூலோடு நிற்கும், தொப்பி முழுவதும் கழராது. ஒரு தொப்பிக்கு 30 கிராம் நூல் போதும். குழந்தையின் தொப்பியில் தொங்கும் கயிறு வேண்டாம்.

முடித்த பொருளையும் மிச்சக் கம்பளியையும் காக்க அலுமாரியில் வேப்பிலை வைப்பது வழமை. அதை மட்டும் நம்பியிருக்காதீர்கள். அந்துப்பூச்சியின் புழு வியர்வை பட்ட கம்பளியைத் தேடித் தின்னும், ஆகவே கழுவி முற்றாகக் காயவைத்து, இறுக்க மூடும் ரின்னில் வையுங்கள். புழு கண்டால் பையில் கட்டி பிரீசரில் இரண்டு கிழமை. கம்பளி தன் பாரத்தில் மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உறிஞ்சியும் தொட்டால் உலர்ந்தது போலவே இருக்கும். மழை நாளில் பொதி கட்டினால் வழியில் பூஞ்சணம் பிடிக்கும், வெயில் கண்ட நாளில் கட்டுங்கள்.

பொதிக்குள் ஒரு சின்னக் கடுதாசி கட்டாயம் இருக்க வேண்டும்: "மெசினில் போட வேண்டாம். இளஞ்சூட்டுத் தண்ணீரில் கையால் அமுக்கிக் கழுவித் துவாயில் விரித்துக் காயவிடவும்." அங்கே எல்லாமே மெசினுக்குள்தான் போகும். ஒருதரம் போனால் தொப்பி பொம்மைக்குத்தான் அளவாகும். அதோடு பின்னிய அதே நூலில் ஐந்து மீற்றரைச் சுருளாகக் கட்டி வையுங்கள். எங்காவது ஓட்டை விழுந்தால் அதை அடைக்க அந்த நிறத்தில், அந்த மொத்தத்தில் வேறு நூல் கிடைக்காது.